மருந்து ஊறும் அண்ணம்

எங்கள் குப்பத்தில் என்னை வாயைத் திறந்து காட்டச் சொல்லாதவர்கள் இப்போது அநேகமாக யாரும் இல்லை. மீன் வாங்க வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். நானும் காட்டுகிறேன். உள்ளே வெளிர்சிவப்பாக ஒரு தகடும் அதோடு ஒட்டிய பற்களும் தெரியும். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயா மருந்து இருக்குது?" என்பார்கள். ஆமாம், இதில்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்லப்போய், கதை வேறு மாதிரி சுற்ற ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பிளாஸ்டிக் நாக்கு வைத்திருப்பதாகத் தவளக்குப்பம் மார்க்கெட் வரைக்கும் பேச்சாம். அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கலா. தவளக்குப்பத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகும் ரோடு முடிகிற இடத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் முருகையன் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் கரையில் ஏலம் கூறுகிறவள். படகுகள் வந்து மீனைக் கொட்டியதும் கூடை கூடையாகப் பிரித்து வைத்து, சுற்றி நிற்கும் வியாபாரிகளிடம் விலையை ஏற்றி ஏற்றிச் சொல்லி முடித்து வைப்பது என் வேலை. அலைச் சத்தம், இன்ஜின் சத்தம், பெண்கள் போடும் சண்டைச் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே என் குரல் கேட்க வேண்டும். கேட்கும். "நீ ஏலம் கூறுனா கடலூர்ல இருக்கிறவன் எழுந்து உக்காருவான்" என்று அவர் கிண்டல் செய்வார்.

இடது பக்க மேல்பல் வலியில்தான் எல்லாம் தொடங்கியது. எனக்குச் சில வருஷமாகச் சர்க்கரை நோய் உண்டு. பல்லைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று பிடுங்கிக்கொண்டேன். ஆனால் பல் இருந்த குழி ஆறவில்லை. கன்னம் வீங்கியது. பிறகு அந்தக் கன்னம் மரத்துப்போய், தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருந்தது. மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வந்தது. மறுபடியும் பல் டாக்டரிடம் போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். என் அண்ணத்தில், அதாவது வாயின் மேல்கூரையில், கறுப்பாக ஒரு திட்டு இருந்திருக்கிறது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வூட்டுக்குப் போய் துணி எடுத்துக்கினு போலாம்னுகூட நெனைக்காதீங்க" என்றார்.

"பல்லு வலிக்கா சார்?"

"இது பல்லு வலி இல்லைங்க."

அப்படியே பஸ் ஏறினோம். என் கூடையில் அன்றைக்கு வாங்கிய கீரை இருந்தது. அது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வாடிப்போயிற்று.

மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கொரோனா சமயத்தில் டீவியில் நாள் முழுக்கச் சொன்ன கறுப்புப் பூஞ்சைதான் எனக்கு வந்திருந்தது. பெரிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். பழைய ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் பூக்கிற பூசணத்தின் தூள் காற்றில் எங்கும் இருக்கிறது. எல்லோரும்தான் மூச்சில் இழுக்கிறோம். உடம்பு அதைத் துரத்திவிடும். சர்க்கரை ஏறிக்கிடக்கிற உடம்பில் சில சமயம் அது மூக்குக்குள்ளேயே வேர்விட்டுவிடும். ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். ரத்தம் போகாத எலும்பு செத்துவிடும். செத்த எலும்பை எடுக்காவிட்டால் அது கண்ணுக்கும், கண்ணிலிருந்து மூளைக்கும் ஏறும்.

"மேல்தாடையில இடது பக்கம் பாதிய எடுக்கணும். அண்ணமும் அதோட போயிடும். கண்ண காப்பாத்திடலாம்னு நம்புறோம்" என்றார்.

என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பேச்சு வருமா டாக்டர்?"

"மொதல்ல ஆள காப்பாத்துவோம்" என்றார் அவர். அதட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கண் தப்பித்தது. ஆபரேஷன் முடிந்து, மூக்குக்குழாயில் கஞ்சி போன நாட்கள் எல்லாம் கழிந்து, வாயில் அடைத்திருந்த துணியை எடுத்த அன்றைக்கு நான் முதன்முதலாகப் பேசினேன். "பசிக்குது" என்றேன். வெளியே வந்தது "மஞிங்ஙுநு".

அவர் குனிந்து, "இன்னா? மஞ்சளா? இங்க எதுக்குடி மஞ்சள்?" என்றார்.

நான் மறுபடி சொன்னேன். அவர் நர்ஸைத் தேடி ஓடினார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். "ப" என்று சொல்ல வேண்டுமென்றால் காற்றை வாய்க்குள் ஒரு கணம் அடைத்து வைத்து, பிறகு வெளியே விட வேண்டும். அடைத்து வைக்க வாய்க்குக் கூரை வேண்டும். எனக்கு அங்கே ஓட்டை. காற்று நேராக மூக்குக்குப் போய்விடுகிறது. "ப" சொன்னால் "ம" வரும். "ட" சொன்னால் "ண" வரும். "க" சொன்னால் "ங". பள்ளிக்கூடத்தில் வல்லினம், மெல்லினம் என்று பாட்டாகப் பாடிப் படித்தோமே, என் வாயில் வல்லினம் மொத்தமும் மெல்லினமாகிவிட்டது. தண்ணீர் குடித்தால் மூக்கில் வந்தது. ஏலத்தில் "பத்து" என்று நான் சொன்னால் எவன் புரிந்துகொள்வான்?

பூஞ்சையைக் கொல்ல ஊசி மருந்து ஏற்றினார்கள். மஞ்சள் நிறத்தில் இருக்கும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று பாட்டிலைக் கறுப்பு உறையால் மூடித் தொங்கவிடுவார்கள். சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் இறங்கும். இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் குளிர் தூக்கிப் போடும். கட்டில் ஆடும். அவர் இரண்டு போர்வையைப் போர்த்தி, அதன் மேல் தன் கைகளை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பார். அந்த மருந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் தினமும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஊசி குத்தக் கையில் இடம் இல்லாமல் போயிற்று. செலவைப் பற்றி அவரும் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கரையில் என் வேலையை அவருடைய தங்கை வசந்தி பார்த்துக்கொண்டாள். எனக்கு நாத்தனார், அடுத்த வீடு. எங்களுக்குள் அதற்கு முன்னால் பெரிய ஒட்டுதல் கிடையாது. தண்ணீர்க் குழாயடிச் சண்டை பலதும் உண்டு. அவள் ஒரு காரியம் செய்தாள். காலையில் ஏலம் ஆரம்பிக்கும்போது என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, போனைக் கட் பண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு ஏலம் கூறினாள். இங்கே அவர் தன் போனை என் தலையணைப் பக்கத்தில் வைப்பார். அலைச் சத்தமும் காக்கைச் சத்தமும் வசந்தியின் கீச்சுக்குரலும் வார்டில் கேட்கும். சங்கரா மீனை அவள் அவசரப்பட்டு விலை குறைத்து முடிக்கும்போது எனக்கு ஆத்திரமாக வரும். திட்டுவதற்கு வாய் இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இன்னைக்கு நெத்திலி சல்லிசுபோல" என்பார்.

அண்ணத்து ஓட்டையை மூட ஒரு தகடு செய்து தருவார்கள். பல்செட் மாதிரி இருக்கும். மேலே ஒரு குமிழ் இருக்கும், அது ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதற்கு அளவெடுப்பதுதான் கொடுமை. மாவுபோல் ஒரு பசையை வாய்க்குள் அழுத்தி, இறுகும்வரை வைத்திருந்து, பெயர்த்து எடுக்க வேண்டும். என் புண்ணுக்குள் அது சிக்கிக்கொண்டது. மூச்சு முட்டி நான் டாக்டரின் கையைப் பிறாண்டிவிட்டேன். ஆனாலும் தகடு வந்தது. போட்டதும் தண்ணீர் மூக்கில் வரவில்லை. பேச்சு முக்கால்வாசி புரிந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் சந்தோஷம் நீடிக்கவில்லை. தகடு படுகிற இடமெல்லாம் சிவந்து எரிந்தது. தயிர் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்தது. மிளகாய் இல்லாத சோறுகூட நெருப்பாக எரிந்தது. தகட்டைக் கழற்றி வைத்தால் எரிச்சல் குறையும், ஆனால் பேச்சும் சாப்பாடும் போய்விடும். மாத்திரை போட்டால் ஆறும், நிறுத்தினால் திரும்பவும் வரும். மாத்திரை ஈரலைத் தாக்க ஆரம்பித்திருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. மறுபடி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பழைய பூஞ்சையே திரும்பிவிட்டதோ என்று அவர்களுக்கும் சந்தேகம்.

முடிவு வருகிறவரை நான் வீட்டில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. இப்போது தெரியும். அந்தக் குளிரும், அந்தக் கறுப்பு உறை போட்ட பாட்டிலும் மறுபடி வந்தால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. அவர் கடலுக்குப் போகாமல் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழியாத இடத்தையும் தைத்துக்கொண்டிருந்தார்.

முடிவைச் சொன்னவர் நிவேதிதா டாக்டர். செயற்கைப் பல், தாடை எல்லாம் செய்கிற பிரிவில் இருப்பவர். சின்ன வயதுதான். எங்களைப் பார்த்ததும் உட்காரக்கூட விடாமல், "அது இல்லை! பழசு இல்லை!" என்றார். இது வேறு பூஞ்சை, எல்லோர் வாயிலும் சாதுவாக இருக்கிறது, தகட்டின் நுண்ணிய துளைகளில் குடியேறிச் சர்க்கரை உடம்பில் ஆட்டம் போடுகிறது என்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஆனால் தகட்டைப் போட முடியவில்லை என்ற பிரச்சினை அப்படியேதான் இருந்தது. அப்போதுதான் டாக்டர் அந்த யோசனையைச் சொன்னார்.

"மாத்திரையா முழுங்கினா மருந்து உடம்பு பூரா சுத்தி, கொஞ்சம்தான் வாய்க்கு வருது. நடுவுல ஈரல் அடி வாங்குது. தகட்டுலேயே மருந்த வெச்சுட்டா? புண்ணு எங்க வருதோ அங்கயே கொஞ்சங்கொஞ்சமா ஊறும். அந்த மாதிரி தகட்ட மெஷின்ல பிரிண்ட் பண்ணப்போறோம்."

"பிரிண்டுன்னா? பேப்பர்லயா?" என்றாள் வசந்தி. அன்றைக்கு அவள் கூட வந்திருந்தாள்.

"முறுக்கு பிழியிறோம்ல, அது மாதிரி. ஊசி முனை அளவு ஓட்டை வழியா பிசின் இழை இழையா வரும். ஒரு அடுக்கு போட்டு, அது மேல இன்னொரு அடுக்கு. கம்ப்யூட்டர்ல என்ன உருவம் வரைஞ்சமோ அதே உருவம் எழும்பி வரும். அடித்தகடு கெட்டியா இருக்கும். அது மேல ஒட்டுற மெல்லிசு பகுதிய மருந்து கலந்த பிசின்ல, வலை மாதிரி கட்டம் கட்டமா போடுவோம். எச்சில் அதுக்குள்ள பூந்து மருந்த மெதுவா கரைச்சு எடுத்துக்கும்."

வலை என்றதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "கண்ணி சின்னதா போட்டா மெதுவா கரையுமா, பெருசா போட்டா வேகமா கரையுமா?"

"ஆமாங்க. எந்தக் கண்ணி அளவு சரியா வரும்னு ஆய்வுக்கூடத்துல பாத்து வெச்சிருக்கோம். ஆனா வாயில வெச்சுப் பாக்கிறது இப்பதான். அதையும் சொல்லிடணும். இது ஆராய்ச்சி."

வசந்திக்கு முகம் மாறிவிட்டது. "எங்க அண்ணிய எலி மாதிரி வெச்சு பாக்கப் போறீங்களா? போதாதா பட்டது?"

நிவேதிதா டாக்டர் கோபப்படவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான். பலிக்காமயும் போலாம். மருந்து கசக்கலாம், ஒட்டுனது பிரியலாம், புண்ணு அப்படியே இருக்கலாம். வேணாம்னு சொன்னீங்கன்னா இப்ப நடக்கிற வைத்தியம் அப்படியே நடக்கும். நடுவுல வேணாம்னு தோணினாலும் சொல்லிடலாம். வீட்டுல பேசிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வசந்தி, "வேணாம் அண்ணி. நான் ஏலம் கூறிக்கிறேன். நீ வூட்ல இரு, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவள் மனதோடு சொன்னாள். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. நான் வீட்டில் உட்காருகிறவள் இல்லை. அதோடு, எது எதெல்லாம் தவறிப்போகலாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன அந்த டாக்டர் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. தகட்டைக் கழற்றி வைத்திருந்ததால் செல்லில் எழுதிக் காட்டினேன்: "செய்யச் சொல்லு."

இந்தத் தடவை பசை கிடையாது. பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் மெல்ல நகர்த்தினார்கள். ஏற்கெனவே எடுத்த ஸ்கேனையும் அதோடு சேர்த்தார்கள். திரையில் என் வாயின் உள்பக்கம் எழும்பி வந்தது. என்னிடம் இல்லாத பகுதியை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். பாறைப் பொந்து மாதிரி இருந்தது. இவ்வளவு பெரியதா! அதை டாக்டர் சுட்டியால் திருப்பித் திருப்பிக் காட்டினார். கொஞ்ச நேரம் அழுகை வந்தது. பிறகு, அதற்குச் சரியாகப் பொருந்தும் மூடி அதே திரையில் வளர்வதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

மெஷின் கண்ணாடிப் பெட்டி மாதிரி இருந்தது. வசந்தி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஊசி போய்ப் போய் வருவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். "முறுக்கு இல்லண்ணி, கோலம் போடுது" என்றாள்.

தகட்டை வாயில் போட்டதும் சட்டென்று பொருந்தி உட்கார்ந்துகொண்டது. டாக்டர், "ஏதாவது சொல்லுங்க" என்றார்.

"பத்து" என்றேன். "ப" வந்தது. "பத்து, பத்து, பத்து!" வசந்தி என்னைக் கட்டிக்கொண்டு, "பதினொண்ணு கேளுங்கடி யாராச்சும்!" என்று கத்தினாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்திருந்தபோது, ஒரு நாள் சாப்பிடும்போது நாக்கில் நூல் மாதிரி ஏதோ தட்டியது. மருந்துப் பகுதியின் ஓரம் தகட்டிலிருந்து பிரிந்து தொங்கியது. விழுங்கிவிட்டால் என்ன ஆகும்? பயந்து அப்படியே கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினோம். நிவேதிதா டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. அன்றைக்கு நான்தான் அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் தகடு இல்லாமல் நான் சொன்ன தைரியம் அவருக்குப் புரிந்ததா தெரியாது.

"ரெண்டு பிசினும் வழவழன்னு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. பிடிமானம் பத்தல" என்றார். கூட இருந்த இன்ஜினியரோடு கம்ப்யூட்டரில் அடித்தகட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் வரைந்தார்கள். மருந்து இழை அந்தப் பள்ளத்துக்குள் போய்க் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். திரும்ப அளவு எடுக்க வேண்டியதில்லை. என் வாய் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே! மறுநாளே புதுத் தகடு கைக்கு வந்தது. மருந்து கசக்கத்தான் செய்தது. பாகற்காய் அளவுக்கு இல்லை.

இந்தத் தடவை ஓரம் பிரியவில்லை. வெள்ளைப் படிவு குறைந்தது. சிவப்பு வெளிறியது. பஞ்சால் தேய்த்து எடுத்துப் பரிசோதித்ததில் பூஞ்சை ரொம்பவும் குறைந்திருந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். ஈரலும் பழைய நிலைக்கு வந்தது. மருந்து தீர்ந்ததும் மெல்லிய பகுதியை மட்டும் உரித்துவிட்டுப் புதிதாகப் பிழிந்து ஒட்டித் தருகிறார்கள். எத்தனை காலத்துக்கு இப்படி என்று கேட்டேன். "எனக்கும் தெரியாதுங்க, சேர்ந்து பாப்போம்" என்றார் டாக்டர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் இதெல்லாம் என்று ஒவ்வொரு தடவையும் திட்டுகிறார்.

மீன் குழம்பு சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் முள் எடுத்துக் கொடுத்தார். கரைக்கும் போனேன். முதல் நாள் ஒரு கூடை காரப்பொடி மீன் மட்டும் கூறினேன். பழைய குரலில் கொஞ்சம் மூக்கு கலந்திருந்தது. வியாபாரிகள் யாரும் அதைக் கண்டுகொள்ளாமல் எப்போதும் போல் விலையை அடித்துப் பேசினார்கள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பெரிய மீனெல்லாம் இன்னும் வசந்திதான் கூறுகிறாள். நான்தான் அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். சங்கரா விலையில் மட்டும் தலையிடுகிறேன்.

போன தடவை மருந்துப் பகுதியை மாற்றப் போனபோது, காத்திருக்கும் இடத்தில் ஒரு பாய் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. திருக்கனூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்களாம். எனக்கு வந்த அதே நோய், அதே ஆபரேஷன். தகடு வைக்கப் பேச வந்திருக்கிறார்கள். அந்த அம்மா என்னைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு, "அக்கா, உங்களுக்கும் இதானா? நீங்க நல்லா பேசுறீங்களே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் பாய் துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அந்த அம்மாவின் முகம் வாடியது. "ஆபரேஷன் ஆனதுலருந்து இதையே சொல்லிக்கினு இருக்காருக்கா. இன்னான்னே புரியல. எழுதிக் காட்டுங்கன்னா கோவம் வந்து திரும்பிக்கிறாரு."

அவர் மறுபடி சொன்னார். "ஙணைங்ஙு மோவணும்."

"கடைக்குப் போவணும்ங்கிறாரும்மா" என்றேன்.

பாய் துண்டைக் கீழே இறக்கினார். என்னையே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். கடை பூட்டிக்கிடப்பது, தம்பி மகன் தராசைச் சரியாகப் பிடிக்கமாட்டான் என்பது, கஞ்சி அலுத்துவிட்டது, ராத்திரியெல்லாம் பயமாக இருக்கிறது என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துகொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றாக அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா ஒரு பக்கம் அழுதபடியே, "அந்தப் பையன் தராசெல்லாம் நல்லாத்தான் புடிக்கிறான், சொல்லுங்கக்கா" என்றார். பாய்க்குக் காது நன்றாகத்தான் கேட்கும் என்பதை இருவருமே மறந்துவிட்டோம். நான் திரும்பி அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

உள்ளேயிருந்து நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்.

"கொஞ்சம் இரும்மா" என்றேன். "பேசிக்கினு இருக்கோம்."